எண்ணூரிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை: மனச்சிதைவு நோயரும் மருத்துவத்தின் வாயிலும்

வடசென்னைத் தெருக்களில் "கீழ்ப்பாக்கம்" என்பது ஓர் ஊர்ப்பெயராக மட்டும் வழங்கவில்லை. ஒருவனை ஏசுவதற்கும், பெண் கேட்டு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்புவதற்கும் அந்த ஒரு சொல் போதும். எண்ணூரைச் சேர்ந்த ஒரு தாயார், தம் கணவரின் வயிற்று நோய்க்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று வந்ததை நம்மிடம் கூறினார். கூறும்போதே, "அந்தக் கீழ்ப்பாக்கம் இல்லை, ஐயா" என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். அவ்விளக்கத்தை நாம் கேட்கவில்லை. ஆயினும் அதைச் சொல்லாமல் விட அவருக்கு மனம் துணியவில்லை.

எண்ணூருக்கும் கீழ்ப்பாக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவே உள்ளது. புறநகர் இரயிலில் ஏறி, நகரில் இறங்கிப் பேருந்து மாறினால் முற்பகலுக்குள் சென்று சேரலாம். எனினும் மனச்சிதைவு நோயால் வருந்துவோர் பலர் அத்தொலைவைக் கடக்கப் பல ஆண்டுகளை எடுத்துக்கொள்கின்றனர்; சிலர் கடப்பதேயில்லை. இத்தாமதத்திற்குக் காரணம் மக்களின் அறியாமையே என்று எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். செய்தித்தாள்கள் அவ்வாறு எழுதுகின்றன. பிரசங்க பீடத்திலிருந்து நாமும் அவ்வாறே பேசியிருக்கிறோம். ஆனால் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், மக்கள் அஞ்சியதற்குப் போதிய காரணம் இருந்தது என்பதும், அக்காரணங்களுள் சிலவற்றை அரசும் சிலவற்றைத் திருச்சபையும் தம் கைகளாலேயே கட்டி எழுப்பின என்பதும் புலனாகும்.

மதிலும் சட்டமும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்களுள் ஒருவரான வாலன்டைன் கானொலி 1794-ஆம் ஆண்டில் புத்தி மாறாட்டமுற்றோருக்கெனச் சென்னையில் ஒரு விடுதியை நிறுவினார். அது கம்பெனியின் பணத்தை நம்பி ஒரு தனி மனிதர் தொடங்கிய முயற்சியாகும். பின்னர் அது டால்டன் என்பவர் கைக்கு மாறி, 1815-ஆம் ஆண்டளவில் திருத்திக் கட்டப்பட்டு, அவர் பெயராலேயே "டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என வழங்கிற்று. 1871-இல் லோக்காக் தோட்டம் எனப்பட்ட இடத்தில் அரசு புதிய காப்பகத்தைத் திறந்து, 145 பேரை அங்குக் குடியமர்த்திற்று. இன்று கீழ்ப்பாக்கத்தில் நாம் காணும் மனநல மருத்துவமனையின் இருப்பிடம் இதுவே. பரந்த தோட்டமும், காற்றோட்டமான கட்டடங்களும், சுற்றிலும் மதிலும் அமைந்தன. தோட்டத்தையும் காற்றையும் மருந்தாகக் கருதியே அந்நாளைய மருத்துவர் இடத்தைத் தெரிந்துகொண்டனர். வெளியே நின்றோருக்குத் தெரிந்ததோ மதில் ஒன்றுதான்.

மதிலைவிட வலிமையானது சட்டம். 1858-ஆம் ஆண்டின் 36-ஆவது சட்டம் காப்பகங்களை ஒழுங்குபடுத்திற்று. அதன் இடத்தில் 1912-இல் இந்தியப் பைத்தியக்காரர் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரே நோயாளரை எப்பெயரிட்டு அழைத்தது என்பதைக் கவனிக்க. இச்சட்டத்தின்படி ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமாயின், உறவினர் நீதிபதியிடம் மனுச் செய்ய வேண்டும்; இரு மருத்துவர்களின் சான்றிதழ்களை இணைக்க வேண்டும்; நீதிபதி நோயாளரைக் கண்டு ஆணை பிறப்பிக்க வேண்டும். தெருவில் திரிவோரையும் ஆபத்தானவர் எனக் கருதப்பட்டோரையும் காவலரே பிடித்து நீதிபதிமுன் நிறுத்தலாம். தாமாகவே வந்து சேர விரும்புவோருக்கு ஒரு சிறு வழி இருந்ததெனினும், அதற்கும் பார்வையாளர் குழுவினர் இருவரின் இசைவு வேண்டும்.

எண்ணூரில் உப்பளத்திலோ படகிலோ உழைத்த ஒரு குடும்பத்தினர் நிலையில் நின்று இதனை எண்ணிப் பார்ப்போம். மகனுக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் போகலாம். மகன் உறங்காமல் இரவெல்லாம் யாருடனோ பேசுகிறான் என்றால், திருடனை நிறுத்தும் அதே நீதிமன்றத்தில் அவனை நிறுத்த வேண்டும். இரு காவலருக்கு நடுவே அண்டை வீட்டுப் பிள்ளை அழைத்துச் செல்லப்பட்டதைக் கண்ட தெரு, அதனை நோயாளி மருத்துவம் பெறச் செல்லும் காட்சியாகக் கொள்ளுமோ? இச்சட்டம் 1987-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அப்புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரலில்தான். அதாவது, 81 ஆண்டுகள் இந்நாட்டில் மனநோய் மருத்துவத்தின் தலைவாயில் நீதிமன்றத்தின் வழியாகவே இருந்தது. மூன்று தலைமுறை கண்ட ஒன்றை அறியாமை என்று அழைப்பது நேர்மையன்று.

உள்ளே இடமும் இல்லை. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, 40 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் மனநோயர்க்கு ஏறத்தாழ 10,000 படுக்கைகளே இருந்ததைக் காட்டிற்று. 40,000 பேருக்கு ஒரு படுக்கை என்பது கணக்கு. சென்னைக் காப்பகம் 1922-இல் "மனநோய் மருத்துவமனை" எனப் புதுப்பெயர் பெற்றது. பலகையில் எழுத்து மாறிற்று. தெருவின் பேச்சு மாறவில்லை.

உடலுக்கு அண்மை, உள்ளத்திற்குச் சேய்மை

இந்நிலையை வடசென்னையில் உடல்நோய் மருத்துவம் வளர்ந்த வரலாற்றோடு ஒப்பிடுவது பயனுடையது. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவதற்கென எழுந்த மணியக்காரர் சத்திரம், காலப்போக்கில் ஏழை நோயாளரைப் பேணும் இடமாயிற்று. அம்மரபிலிருந்தே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. 1938 முதல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்னும் பெயர் நிலைத்தும், அதனைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றே அழைத்த முதியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அப்பெயரில் இகழ்ச்சி இல்லை. பசித்தவனுக்குக் கஞ்சி கொடுத்த இடம் என்னும் நன்றியே அதில் ஒலிக்கிறது. ஒரே நகரின் இரு மருத்துவமனைகளுக்கு மக்கள் இட்ட பெயர்கள் இரண்டும் எத்துணை வேறுபட்டன!

திருச்சபையின் பங்கும் இங்குண்டு. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த டாக்டர் மட்டில்டா மாக்ஃபெயில் அம்மையார் 1888-இல் சென்னைப் பெண்களிடையே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதன் விளைவாக 1914-இல் இராயபுரத்தில் எழுந்ததே ரெய்னி மருத்துவமனை. எண்ணூர், திருவொற்றியூர்ப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்கு அஞ்சாமல் செல்லக்கூடிய ஓர் இடம் அவ்வாறு உண்டாயிற்று. இதனைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம்.

ஆனால் அதே மிஷனரிகள், பொதுவாக இந்தியா முழுவதும், மனநோயர்க்கென எத்தனை மருத்துவமனைகளைக் கட்டினர்? விரல் விட்டு எண்ணலாம். குஷ்டரோகிகளுக்கான மிஷன் 1874-இலேயே தோன்றிவிட்டது. நாடெங்கும் அதன் விடுதிகள் எழுந்தன. சமுதாயம் இவ்விரு நோயாளரையும் ஒருங்கே ஊருக்குப் புறம்பாக்கியது. திருச்சபை ஒருவரைத் தேடிச் சென்றது. மற்றவரைத் தேடிச் செல்லவில்லை. காரணம் யாது? பணமும் மருத்துவரும் இல்லாமை ஒரு காரணமாகலாம். ஆயினும் நற்செய்தி நூல்களை நாம் வாசித்த முறையே தலையாய காரணம் என்பது நம் கருத்து. குஷ்டரோகி அங்குச் சுத்தமாக்கப்படுகிறான். ஆகவே அவனைத் தொட்டுப் பேணுவது கிறிஸ்துவின் பணி எனக் கொண்டோம். கல்லறைகளிடையே திரிந்த கதரேனர் நாட்டு மனிதன் அசுத்த ஆவியினின்று விடுவிக்கப்படுகிறான்; ஆகவே அவனைப் போன்றோர் மருத்துவரின் பொறுப்பல்லர், பேயோட்டுவோரின் பொறுப்பு எனப் பிரித்துவிட்டோம். அப்பகுதியின் முடிவை நாம் போதிய அளவு பிரசங்கித்ததில்லை. விலங்கும் சங்கிலியும் ஊரார் செய்த வைத்தியம், அது பயனற்றுப்போயிற்று. தெளிவுற்றபின் அம்மனிதன் ஆண்டவரோடு செல்ல வேண்டுகிறான். அவரோ அவனைத் தன் வீட்டாரிடமே அனுப்பிவிடுகிறார்.

1950-இல் ஸ்டான்லி ஜோன்ஸ் இலக்னோவில் நூர் மன்சில் மனநல நிலையத்தைத் தொடங்கினார். 1957-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் உருவாயிற்று. கனடா நாட்டு டாக்டர் ஃபிளாரன்ஸ் நிக்கோல்ஸ் அம்மையார் அதன் தொடக்கப் பணியில் முதன்மையானவர். இம்மையத்தின் சிறப்பு, நோயாளரோடு உறவினர் ஒருவரும் தங்கவேண்டும் என்பது. சிறு அறை, சமையலுக்கு இடம், மருத்துவரோடு குடும்பமும் அமர்ந்து பேசும் நேரம் என அமைந்தது. அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து உறவினரைத் தங்கவைத்ததும் அதே பத்தாண்டிலேயே. மேல்நாட்டு மருத்துவமனைகள் குடும்பத்தை நோயின் காரணமாகக் கண்டு விலக்கிவைத்த காலத்தில், இங்கே குடும்பம் மருத்துவத்தின் உள்ளே அழைக்கப்பட்டது. எண்ணூரிலிருந்து வேலூர் சென்று வாரக்கணக்கில் தங்குவது நாட்கூலிக்காரருக்கு இயலாது என்பதையும் மறுப்பதற்கில்லை.

மருந்து வந்தபின்

1952-இல் பாரிசின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிகர் என்னும் இருவர் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை மனநோயர்க்குக் கொடுத்துப் பார்த்து அதன் பயனை வெளியிட்டனர். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1931-இல், கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர், நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தி பித்தின் கொந்தளிப்பைத் தணிப்பதை எழுதியிருந்தனர் என்பதை இங்குச் சொல்லி வைப்பது நலம். மேல்நாட்டார் அதன் சத்தைப் பிரித்தெடுக்கும் வரையில் அதனைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. குளோர்ப்ரோமசினும் அதன் வழிவந்தவையும் காதில் ஒலிக்கும் குரல்களை அடக்கின, உறக்கத்தைத் தந்தன. பூட்டி வைப்பதைத் தவிர வேறொன்றும் இயலாதிருந்த இடத்தில், வீட்டிலிருந்தே மருத்துவம் பெறும் வாய்ப்பு முதன்முதலாகத் தோன்றிற்று.

சென்னையில் இவ்வாய்ப்பைச் செயலாக்கியவர் டாக்டர் சாரதா மேனன் அம்மையார். 1923-இல் மங்களூரில் பிறந்து, இந்தியாவின் முதற்பெண் மனநல மருத்துவர் எனப் பெயர் பெற்ற அவர், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கினார். புறநோயாளர் பகுதியையும் நோயாளர்க்கான தொழிற்பயிற்சியையும் அவர் பேணி வளர்த்தார். ஓய்வு பெற்றபின் 1984-இல், மனச்சிதைவு நோய்க்கெனவே "ஸ்கார்ஃப்" என்னும் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்று, 2021 டிசம்பரில் தம் 98-ஆம் வயதில் மறைந்தார். அவர் கட்டியது யாதெனில், மதிலில் ஒரு கதவு. காலையில் உள்ளே சென்று மாலையில் வீடு திரும்பலாம் என்பது மக்களுக்கு அதுவரை தெரியாத செய்தி.

இனி ஆய்வுகளைப் பார்ப்போம். 1981-இல் சென்னையில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, முதன்முறையாக நோயுற்று வந்த 90 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் நோய்க்குறிகள் நீங்கியோ குறைந்தோ வாழ்ந்தனர். உலக நல நிறுவனம் அதற்கு முன்பே நடத்திய பன்னாட்டு ஆய்வும், ஆக்ரா போன்ற இடங்களின் நோயாளர் இலண்டன், வாஷிங்டன் நோயாளரைவிட நன்கு தேறியதாகக் கூறிற்று. இச்செய்தியை நம்மவர் மகிழ்ச்சியோடு பல மேடைகளில் சொல்லி வந்தனர். நம் கூட்டுக் குடும்பத்தின் பெருமை அதில் உறுதியாயிற்றன்றோ! ஆனால் ஆய்வுக்கு அகப்பட்டவர் எவ்வகையிலேனும் மருத்துவரை வந்தடைந்தவரே. 1998-இல் சென்னை நகரின் ஒரு பகுதியில் வீடு வீடாகத் தேடிய ஆய்வொன்றில், கண்டறியப்பட்ட மனச்சிதைவு நோயருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஒருநாளும் மருத்துவம் பெறாதவர் எனத் தெரியவந்தது. மாநகரின் நடுவே, பெரிய மருத்துவமனைகளுக்குப் பேருந்தில் செல்லக்கூடிய தொலைவில் இருந்தோர் இவர்கள். சென்னை ஆய்வுகளை முன்னின்று நடத்திய டாக்டர் தாரா உள்ளிட்டோர் 2008-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஏழை நாடுகளில் இந்நோய் எளிதில் தேறுகிறது என்னும் நம்பிக்கையை மறு ஆய்வு செய்யவேண்டும் என வற்புறுத்தினர். தம் ஊருக்குப் பெருமை தந்த முடிவையே ஐயுற்றுக் கேட்பது அறிஞர்க்கு அழகு.

2015–16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பும், கடும் மனநோயருள் நான்கில் மூவர் மருத்துவம் பெறாதிருந்ததைக் காட்டிற்று.

வேறு வாயில்கள்

மருத்துவமனைக்குச் செல்லாதோர் வாளாவிருக்கவில்லை. அவர்கள் எங்கோ சென்றனர். கோயிலுக்குச் சென்றனர், தர்காவுக்குச் சென்றனர், நம் ஜெபவீடுகளுக்கும் வந்தனர். இங்குக் கூட்டமாக மக்கள் செல்வதை மூடத்தனம் என ஒதுக்கிவிடுதல் தகாது. 2002-இல் பெங்களூர் மருத்துவர் இரகுராம் முதலியோர், தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் உறவினரோடு தங்கியிருந்த நோயாளரை ஆராய்ந்து, சில வாரங்களில் அவர்தம் நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்களவு குறைந்தன எனக் கண்டனர். அங்குத் தனிச் சடங்கு எதுவுமில்லை. அமைதியான இடமும், எளிய வேலையும், ஏசாத மனிதரும் இருந்தனர்.

இதற்கு நேர்மாறானது ஏர்வாடியில் நடந்தது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அங்கிருந்த தனியார் மனநோயர் விடுதி ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் எழுந்தோட இயலாமல் 28 பேர் மாண்டனர். ஒரு வாரத்திற்குள் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்தது. அவர்களைச் சங்கிலியோடு விட்டுச் சென்றவர் பகைவரல்லர்; பெற்றோரும் உடன்பிறந்தோருமே. ஆண்டுக்கணக்கில் அலைந்து, பணமும் பொறுமையும் தீர்ந்து, தர்காவின் அருள் காக்கும் என்று நம்பி விட்டவர்கள். ஏர்வாடியைக் கேள்வியுற்றபோது, அது மாற்று மதத்தாரின் குறை என்று நம்முள் சிலர் கருதினர். அவ்வாண்டு நம் சபைகளைச் சுற்றி இருந்த ஜெபவீடுகளிலும் சங்கிலி இருந்தது என்பதை நாம் நேரில் அறிவோம்.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றிக் கூறுகிறோம். எண்ணூரை அடுத்த ஒரு சபையில் நாம் ஆயராயிருந்த காலத்தில், ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்த ஓர் இளைஞன் வேலைக்குச் செல்வதை நிறுத்திவிட்டான். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்குத் தன்னைக் கணக்கெடுப்பதாகவும், அது அணைந்து எரியும்போதெல்லாம் தன் பெயரைக் கூப்பிடுவதாகவும் சொன்னான். சன்னலைச் சாக்கால் மூடினான். அவன் தாயார் குருமனைக்கு வந்து அழுதார். நாம் இறையியல் பட்டம் பெற்றவர். ஆலோசனைப் பணி என்னும் பாடத்தில் தேர்ச்சி பெற்றவர். ஆயினும் மருத்துவர் என்னும் சொல் நம் வாயில் வரவில்லை. 21 நாள் உபவாச ஜெபம் ஏற்படுத்தினோம். பின்னர், பெயர் பெற்ற ஒரு ஜெபவீட்டிற்கு அனுப்ப இசைந்தோம், கடிதமும் கொடுத்தோம். அங்கு அவனைத் தூணில் கட்டி வைத்திருந்தனர் என்பது பின்னரே தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. இறுதியில், சபையிலிருந்த ஒரு செவிலியர் அம்மையார் நம்மிடம் கேளாமலேயே அவனையும் தாயாரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அவர் கேளாதது நன்று. சில வாரங்களில் அவன் உறங்கத் தொடங்கினான். சன்னல் சாக்கைத் தானே எடுத்தான். மருத்துவமின்றிக் கழியும் காலம் நீள நீள இந்நோய் தேறுவது கடினமாகும் என்பதை அறிந்தபோது, அந்த இரண்டு ஆண்டுகளில் நம் பங்கு எவ்வளவு என்பதை எண்ணாமலிருக்க இயலவில்லை.

ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. "மாத்திரையை விட்டால்தான் விசுவாசம்" என்று சொல்லும் ஊழியரை நம் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கலாகாது என்பதே நாம் சொல்ல வருவது. இதனைப் பொருத்தவரை நடுநிலை என்பதொன்று இல்லை.

ஒரு நாளின் கூலி

முதல்முறை மருத்துவரிடம் சேர்ந்துவிட்டால் தடை தீர்ந்தது என எண்ணவும் கூடாது. மாதந்தோறும் மாத்திரை வாங்க ஒருநாள் வேண்டும். நோயாளி தனியே செல்ல இயலாதபோது இருவர் கூலி போயிற்று. ஒப்பந்தத் தொழிலாளிக்கு விடுப்பு என்பதே கிடையாது. மீனவர் குடும்பத்தில் தந்தை கடலிலிருப்பார், தாய் மீன்கூடையோடு சந்தையிலிருப்பார். மாத்திரை இலவசமாயினும் நாள் இலவசமன்று. அதற்குமேல் மருந்து கை நடுங்கச் செய்யும், நாவை உலர்த்தும், பகலில் உறக்கம் வரச் செய்யும். வலையைச் செப்பனிடுபவனுக்குக் கை நடுங்கினால் வேலை போயிற்று. ஆகவே சற்றுத் தேறியவுடன் மருந்தை விட்டுவிடுகின்றனர், நோய் திரும்புகிறது, "மருந்தும் பலிக்கவில்லை" என்னும் பேச்சு எழுகிறது. தசையில் செலுத்தினால் வாரக்கணக்கில் வேலை செய்யும் ஊசி மருந்துகள் பல ஆண்டுகளாகவே உண்டு என்பதை ஆயர்களும் அறிந்திருத்தல் நலம்.

நிருவாக எல்லைகளும் தம் பங்கைச் செய்தன. எண்ணூர் 2011 வரை கத்திவாக்கம் நகராட்சியைச் சேர்ந்திருந்து, அவ்வாண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆனால் 2018 வரை மாவட்டம் திருவள்ளூரே. கண்ணெதிரே சென்னை இருக்க, மாவட்ட அலுவலகக் காரியங்களுக்கு மேற்கே திருவள்ளூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டமே மனநோயையும் ஊனங்களுள் ஒன்றாக ஏற்றிருந்தது. 2016-இன் சட்டமும் அதனைத் தொடர்ந்தது. எனினும் சான்றிதழ் வாங்க வந்தோர் சிலரே. நோயை அரசாங்கத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள எந்தத் தங்கையின் திருமணம் இடம்கொடுக்கும்?

திருமணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இங்கு நாம் பார்வையாளரல்லோம், ஓலை வாசித்து மணத்தை நடத்திவைப்பவர். "கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்னும் நம்பிக்கையால் நோயை மறைத்து மணம் முடிப்பது நம் சபைகளிலும் நிகழ்கிறது. மணத்துக்காக மாத்திரையை நிறுத்துவர். புதுச் சூழலும் உறக்கமின்மையும் சேர, ஓரிரு மாதங்களில் நோய் திரும்பும். பெண்ணாயின் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவர். சென்னையில் மணமுறிவுற்ற மனச்சிதைவு நோயுடைய பெண்களைப் பற்றி டாக்டர் தாரா முதலியோர் 2003-இல் எழுதிய ஆய்வு துயரமானது. சட்டப்படி விலக்கும் இல்லை, வாழ்க்கைப் படியும் இல்லை. முதிய பெற்றோரின் கையில் அவர்கள் எஞ்சி நிற்கின்றனர். கிறிஸ்தவர்க்கான 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் 2001-இல் திருத்தப்பட்டபோது, தீராத சித்தக் கலக்கம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தால் அதனை விலக்குக்குக் காரணமாகக் காட்டலாம் என்றாயிற்று. ஆனால், மனச்சிதைவு என்னும் நோய்ப்பெயர் ஒன்றே விலக்குக்குப் போதாது, அந்நோயின் அளவையே நோக்கவேண்டும் என இந்து மணச்சட்ட வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 1988-இல் தீர்த்துரைத்ததையும் நம் மாணவர் மறவாதிருக்கவேண்டும்.

நோயின் பெயரே ஒரு தடை. சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் 1908-இல் இட்ட பெயருக்கு உள்ளம் பிளவுறுதல் என்று பொருள். தமிழில் "சிதைவு" என்றோம். சிதைந்தது மீளாது என்றே தமிழ்க் காது கேட்கும். ஜப்பானியர் 2002-இல் தம் மொழியில் இந்நோயின் பெயரை மாற்றினர். அதன்பின் நோயாளரிடம் நோயின் பெயரைச் சொல்லத் தயங்காத மருத்துவர் தொகை மிகுந்தது. தமிழில் இதற்கு நல்லதொரு சொல்லை எவரேனும் ஆக்கித் தந்தால் நாம் மகிழ்வோம். அதுவரை இச்சொல்லையே ஆண்டிருக்கிறோம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவம் பெறுவதை அது உரிமையாக்கிற்று; சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்தது; மனநோய்க்கும் உடல்நோய்க்கு ஒப்பாகவே காப்பீடு வழங்கவேண்டும் என்றது. 1912-ஐயும் இதையும் அருகருகே வைத்து வாசிக்கும் மாணவர், ஒரு நூற்றாண்டில் அரசு நடந்த தொலைவை உணரலாம். ஜெபவீடுகளும் இச்சட்டத்திற்கு உட்பட்டவையே; அங்கு ஒருவரைக் கட்டிவைப்பது இன்று குற்றமாகும். இதனை ஆயர்கள் தம் வட்டாரத்து ஊழியர்க்கு எடுத்துச் சொல்லலாம்; சொல்லியும் கேளாதவிடத்து என்ன செய்வது என்பதைத் தத்தம் மனச்சாட்சியோடு முடிவு செய்யவேண்டும். நாம் ஒருமுறை முறையீடு செய்திருக்கிறோம். அதனால் சில நட்புகளை இழந்தோம்.

மேற்சொன்ன இளைஞனுக்கு இப்போது நாற்பது வயதைக் கடந்துவிட்டது. வலை செப்பனிடும் இடத்தில் அரைநாள் வேலை செய்கிறான். மாதம் ஒருமுறை தாயாரும் அவனும் காலை இரயிலில் மாத்திரை வாங்கச் செல்கின்றனர். புகைபோக்கி விளக்கைப் பற்றி அவனே ஒருநாள் நம்மிடம் பேசினான். 2017-இல் அந்த மின் நிலையத்தை மூடியபோது சற்று வருத்தமாயிருந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். சபையாரின் ஜெபக் குறிப்பில் மகன் பெயரைச் சேர்க்கலாமா எனத் தாயாரைக் கேட்டோம். சேர்க்கலாம், ஆனால் நோயின் பெயரை வாசிக்க வேண்டாம் என்றார். இரயில் நிலையத்தில் தெரிந்தவர் எவரேனும் எதிர்ப்பட்டு எங்கே பயணம் என்று கேட்டால், சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போவதாக இன்றும் சொல்கிறாராம்.